கை படாத பரிசு

பரிசு கை படாததாக இருக்க வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அதையும் நேரில் வந்து சொல்லவில்லை, மகள் பாப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். எட்டு வயதுப் பிள்ளை சவப்பெட்டிக் கடையின் பின்வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல மூச்சு விடாமல் ஒப்பித்தது.

"அத்தை, என் புதுநன்மைக்கு நீங்க என்ன வாங்கினாலும் கடையிலயே பாக்கெட்ல போட்டு ஒட்டி வாங்கணுமாம். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிரிச்சுப் பாக்கக் கூடாதாம். கவுன் தைக்கிறேன்னு உக்காரக் கூடாதாம். முக்காட்டையும் தொடக் கூடாதாம்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேனே. உங்க கை செத்தவங்களைத் தொடுற கையாம்."

அத்தையை ஊரில் குளியலக்கா என்பார்கள். அவள் அப்போது கொதிக்கிற அண்டாவிலிருந்து துவாலைகளைக் குச்சியால் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். காலையில் ஒரு பெரியவரைக் குளிப்பாட்டிய துவாலைகள். பிழிந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? ஞானஸ்நானத் தொட்டியின் அருகில் இந்தப் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்ற ஞானத்தாய் அவள்தான். அன்றைக்கு அந்தக் கை இனித்தது. அப்போது அவளுடைய புருஷன் உயிரோடு இருந்தான், அவளும் தையல் கடையில் வேலை பார்த்தாள்.

அண்ணனுக்குச் சவப்பெட்டி வியாபாரம். முன்னால் கடை, நடுவில் மரத்தூளும் வார்னிஷும் நெடி அடிக்கிற பட்டறை, பின்னால் தகரக் கொட்டகையில் சிமெண்ட் மேடை, மாடியில் வீடு. புருஷன் போன பிறகு தங்கை இங்கே வேலைக்கு வந்தாள். செத்தவர்களைக் குளிப்பாட்டி, தாடையைத் துணியால் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, உடுத்தி, தலை வாரி, பெட்டியில் கிடத்துவது அவள் வேலை. அதனால் குளியலக்கா என்று பெயர் வந்துவிட்டது. அண்ணனுக்கு மூடிக்காரர் என்று பெயர். கடைசியில் மூடியை வைத்து ஆணி இறக்குவதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய நில்லுங்க. ஆணி இறங்குற சத்தம் ஒருதடவை காதுல விழுந்தா ஆயுசுக்கும் போகாது" என்று சொந்தக்காரர்களைத் தோளில் தட்டிப் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். தங்கையையும் அனுப்பிவிடுவார். "நீயும் போம்மா, நின்னு நின்னு கால் வீங்கியிருக்கும். போய் டீ குடி." என்ன நல்ல மனசு என்று ஊரே சொல்லும். அவளும் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

மாடி வீட்டின் தரையில் பதித்த கல் முதல் பாப்பா காலில் போட்டிருக்கிற வெள்ளை ஷூ வரை செத்தவர்கள் போட்ட பிச்சைதான். ஆனால் அண்ணிக்கு அது நாறாது. தங்கைக்குத் தனித் தம்ளர், அதுவும் படிக்கட்டுக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கும். அண்ணியின் அருவருப்பு ஒரு அதிசயமான சரக்கு. சம்பாத்தியத்தில் ஒட்டாது, சம்பாதிக்கிற கையில் மட்டும் ஒட்டும்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. வார்னிஷ் காயாமல் பெட்டிகளெல்லாம் பிசுபிசுவென்று நின்றன. வேலை கொஞ்சம் ஓய்ந்த மத்தியானத்தில் குளியலக்கா சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி, குடையை எடுத்துக்கொண்டு மாதா கோயில் தெருவிலிருக்கிற பரிசுக் கடைக்குப் போனாள்.

பிள்ளைகள் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை மாசம் என்று கடைக்காரர் கடையை வெள்ளையாக்கி வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் பாடுகிற, இறக்கை வைத்த சம்மனசு பொம்மை. கண்ணில் சிவப்பு விளக்கு எரிகிற மாதா. பிள்ளையின் போட்டோவைக் கொடுத்தால் அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அச்சடித்துத் தருகிற தட்டு. ரோமத் தொப்பி போட்ட ஆட்டுக்குட்டி, அதன் வயிற்றில் உண்டியல். குளியலக்காவுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, நிறைய க்ரீம் வைத்த கேக்கைத் தின்றமாதிரி நெஞ்சைக் கரித்தது.

"இது நல்லா போவுதும்மா" என்று கடைக்காரர் சம்மனசை அழுத்தினார். அது கீச்சென்று பாடிவிட்டு நடுவில் நின்றுபோனது. "பேட்டரி புதுசு போட்டுத் தருவேன்."

"பிள்ளை முழந்தாள் போட்டு ஜெபம் பண்ணும்போது இது நடுவுல பாடினா என்னங்க பண்றது?"

"அணைச்சு வெச்சுக்கலாமே."

"அணைச்சு வைக்கிறதுக்கு எதுக்கு வாங்கணும்? ஜெபமாலை இருக்கா? சாதாரண மர மணி. ஞானத்தாய் குடுக்க வேண்டியது அதுதானே."

கடைக்காரர் ஒரு கொத்தை எடுத்துப் போட்டார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பழுப்பு மணி, கயிற்றில் கோத்தது, சின்ன மரச்சிலுவை. மோந்து பார்த்தாள். தச்சு வேலையின் வாசம் இருந்தது, வார்னிஷ் வாசம் இல்லை. அது பிடித்திருந்தது.

"அந்த மூணாவது. நீங்களே எடுங்க. நீங்களே பொட்டியில வைங்க. நீங்களே பாக்கெட் போட்டு ஒட்டுங்க."

"தொட்டுத்தான் பாருங்களேன், காசா பணமா."

"வேணாங்க."

"கையில ஏதாவது நோவா?"

"ஆமாங்க. எங்க அண்ணிக்கு என் கையில நோவு."

கடைக்காரருக்குப் புரியவில்லை. பாக்கெட்டின் வாயில் நீளமாக டேப்பை ஒட்டி, பாதிரியாருக்கு நன்மைக் கிண்ணம் கொடுக்கிற மாதிரி ரெண்டு கையாலும் நீட்டினார். அவள் அதைக் குடையின் காம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நனையாமல் தன் வாடகை அறைக்குக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிரிக்கவில்லை. சொல்லியிருக்கிறார்களே.

சனிக்கிழமை சாயங்காலம் பாப்பா கோயிலிலிருந்து நேராகப் பின்வாசலுக்கு வந்தது. முதல் பாவசங்கீர்த்தனம் முடித்து வந்திருந்தது. குளியலக்கா மேடையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம் எல்லாம் சொல்லிட்டியா?"

"எனக்குப் பாவமே கெடைக்கலை அத்தை. அடிக்கிறதுக்குத் தம்பியும் இல்லை. பென்சில் திருடினேன்னு சொன்னேன். யாரோட பென்சில்னு சாமியார் கேட்டாரு. என்னோடதுதான்னேன். அவரு இருமிட்டாரு."

குளியலக்காவுக்கு டீ புரையேறியது.

"நாளைக்கு நன்மை வாங்குற வரைக்கும் வாயைச் சுத்தமா வெச்சுக்கணுமாம். டீச்சர் சொன்னாங்க. பொய் சொல்லக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பூசைக்கு முன்னாடி எதுவும் திங்கக் கூடாது. தண்ணி மட்டும் குடிக்கலாம். அத்தை, ஒரு விஷயம் காட்டவா? அம்மாகிட்ட சொல்லாதீங்க."

பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெபமாலையை உருவியது. சிப்பி மணிகள், ஒவ்வொன்றும் பால்பல் மாதிரி. நடுவில் தங்கச் சங்கிலி, தங்கச் சிலுவை.

"அப்பா குடுத்தாரு. நாளைக்குக் கையில சுத்திக்கிட்டுப் போகணுமாம். ஆனா பாருங்க, இந்த வளையத்துல ஒரு வெள்ளை நூல் மாட்டிக்கிச்சு. எவ்வளவு இழுத்தாலும் வரலை. பல்லால கடிச்சும் பாத்துட்டேன், பாதிதான் வந்துச்சு. மீதியைக் கத்திரியில வெட்டித் தாங்களேன்."

குளியலக்கா நூலைப் பார்த்தாள். கையில் இருந்த பன்னைக் கீழே வைத்தாள்.

போன மாதம் ஒரு கிழவியம்மாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் புதுநன்மை வகுப்பு எடுக்கிற டீச்சரின் அம்மா. இரவெல்லாம் இறுகிப்போன விரல்கள். குளியலக்கா வெந்நீரில் துவாலையை நனைத்துச் சுற்றிச் சுற்றி வைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக இளக்கினாள். அவசரப்பட்டால் ஒடியும். டீச்சர் பக்கத்தில் நின்று இந்த ஜெபமாலையை நீட்டி, "இது அவங்க கூடவே போகட்டும்க்கா. கண்ணு மூடுறப்பக்கூட இதை விடலை" என்றாள். பெட்டியைத் தூக்கும்போது மாலை சரிந்து விழாமல் இருக்க, சங்கிலி வளையத்தையும் மோதிர விரலையும் வெள்ளை நூலால் சேர்த்துக் கட்டி, ரெட்டை முடிச்சுப் போடுவது குளியலக்காவின் வழக்கம். தையல்காரியின் முடிச்சு. அது அவிழாது, அறுக்கத்தான் வேண்டும்.

அறுத்திருக்கிறார்கள். அறுத்த மிச்சத்தைப் பிள்ளை பல்லால் கடித்திருக்கிறது.

கிழவியம்மாள் விரலில் கட்டிய நூல். அதை இந்தப் பிள்ளையின் வாயில் நினைத்ததும் குளியலக்காவுக்குக் குடித்த டீ தொண்டைக்கு வந்துவிட்டது. எத்தனை பிணங்களின் எத்தனை நாற்றத்தை விழுங்கிய தொண்டை அது, ஒருநாளும் புரட்டியதில்லை. எழுந்துபோய்ச் சாக்கடை ஓரத்தில் குனிந்து நின்றாள்.

"என்னாச்சு அத்தை?"

"ஒண்ணும் இல்லடா. நீ மேல போ. போய் நல்லா வாயைக் கழுவு. மாலையைப் பையில வை, வாயில வைக்காதே."

பட்டறையில் அண்ணன் ஒரு மூடிக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். மூக்கு நுனியில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"அண்ணே, டீச்சர் அம்மாவோட மாலை பாப்பாகிட்ட இருக்கு."

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பிள்ளை அதுக்குள்ள காட்டிடுச்சா? நாளைக்குக் காலையில காட்டுனாப் போதும்னு சொன்னேனே."

"அப்ப நீங்கதான் எடுத்தீங்களா?"

"பின்ன, அந்தம்மா எழுந்து வந்தா குடுத்துச்சு?" என்று சிரித்தார். தங்கை சிரிக்காததைப் பார்த்து உப்புத்தாளைக் கீழே வைத்தார். "கதவைச் சாத்திட்டு வா. சத்தம் போடாதே. யோசிச்சுப் பாரும்மா. மண்ணுக்குள்ள போய் அது என்ன பண்ணப்போவுது? புழு கும்பிடுமா அதை வெச்சு? உள்ள வெச்சு மூடுறதைப் பாத்தாச்சு, அவங்களுக்கு நிம்மதி. பொருள் வீணாப் போகலை, நமக்கு நிம்மதி. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"வெச்சு மூடுறதை யாரும் பாக்கலையே. எல்லாரையும்தான் வெளிய அனுப்பிடுறீங்களே."

"அதான் சொல்றேன். யாரும் பாக்காததால யாருக்கும் வருத்தம் இல்லை."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். அந்த வீட்டுக்காரர்களாவது பிடுங்குகிறவன் திருடன் என்று தெரிந்து கத்துவார்கள். இங்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டல்லவா போகிறார்கள்.

"நாளைக்கு அந்தப் பிள்ளையை வரிசையில நிறுத்தப்போறதே டீச்சர்தான்ணே. பாத்தா தெரியாதா? பிள்ளை முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கும்?"

இது அண்ணனுக்கு உறைத்தது. பிறகு, கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கைப்பிடி பிடிக்கவில்லை என்றால் வேறு கைப்பிடி காட்டுவாரே, அந்த முகத்தோடு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

"சரி, நீ சொல்றதும் நியாயம்தான். வேற ஒண்ணு குடுத்துடலாம். நீதானே ஞானத்தாய், நீயே பாத்து எடு. பிள்ளைக்கு எது பொருத்தமோ."

உள்ளே ஜெபமாலைகள், ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. மோதிரங்கள். தோடுகள். ஒரு மூக்குக் கண்ணாடியின் தங்கக் காது. குளியலக்காவுக்கு ஆட்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நீலக் கண்ணாடி மணி, பிரசவத்தில் போன பொண்ணு. கறுப்பு மணி, லாரி மோதின வாத்தியார். சின்ன வெள்ளி மாலை, அது ஒரு குழந்தை. குழந்தையையும் விடவில்லை. அத்தனை நூல் முடிச்சும் அறுபட்டு அங்கங்கே நுனி நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கை பார்த்துப் பார்த்துக் கட்டியது எல்லாம்.

அடியில் ஒரு பவள மாலை கிடந்தது. சிலுவையின் ஒரு கை மழுங்கியிருக்கும். சின்ன வயதில் அவளே கடித்து மழுக்கியது.

"அண்ணே, இது அம்மாவோடது. அம்மா கூடப் பொட்டியில போனதாச்சே."

"ஆமா" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நெகிழ்ந்துபோய். "உனக்குக் குடுக்கணும்னுதான் வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் வேளை வந்திருக்கு. எடுத்துக்க."

அவள் எடுத்தாள். கை தானாக மூடிக்கொண்டது. அம்மா, என்று உள்ளே ஏதோ ஒன்று குதித்தது. ஒரே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி சந்தோஷம்தான் அவளுக்கு டப்பாவைவிட அதிகமாக அருவருப்பாக இருந்தது. உதறினமாதிரி அதை டப்பாவில் போட்டாள்.

அப்போது அண்ணி படியிறங்கி வந்து நிலைப்படியிலேயே நின்றாள். பட்டறைக்குள் வரமாட்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் காலையில போடுற பந்தலைப் பத்தியா பேசுறீங்க?"

"உங்களுக்கும் தெரியுமா அண்ணி?"

டப்பாவைப் பார்த்ததும் அண்ணிக்கு விஷயம் புரிந்தது. கூச்சப்படவே இல்லை. "தெரியாம என்ன? உப்புத் தண்ணியில ஊறவெச்சு, பல்லு விளக்குற பிரஷ்ல தேய்ச்சது யாருன்னு நினைச்சே? தங்கத்துக்கு ஏது தீட்டு? சாமியார்கிட்ட குடுத்து மந்திரிச்சும் ஆச்சு."

"பொணத்துக் கையில இருந்ததுன்னு சாமியார்கிட்ட சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டா இருப்பாங்க? அந்தச் சிப்பி மாலைதான் வெள்ளைக் கவுனுக்கு எடுப்பா இருக்கு. போட்டோக்காரர்கிட்ட சொல்லிட்டேன், கையைத்தான் கிட்டத்துல எடுக்கணும்னு."

"என் கையால முக்காட்டைத் தைக்கக் கூடாதுன்னீங்களே அண்ணி."

"ஏம்மா, நீ தினம் தொடுறே. அது வேற, இது வேற" என்றாள் அண்ணி, அத்தனை பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தருவதுபோல. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நாளைக்கு அந்த மாலையோட பிள்ளை வரக் கூடாது. வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளியலக்கா குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனாள். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம். நீ போய்ச் சாப்பிடு" என்று பின்னாலிருந்து அண்ணன் சொன்னது கேட்டது. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கோயில் வாசலில் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நின்றார்கள். பெண்பிள்ளைகளெல்லாம் வெள்ளைக் கவுனும் முக்காடுமாக, சேறு படாமல் இருக்க நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்கள் அடிக்கொருதரம் புகுந்து தலைமுடியைச் சரிசெய்தார்கள். அண்ணன் புதுச் சட்டையில், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வணக்கம் வாங்கியவர்களில் பாதிப் பேருடைய வீட்டுப் பெட்டியை அவர்தான் மூடியிருந்தார்.

குளியலக்கா பாக்கெட்டை இடுக்கிக்கொண்டு வந்து பாப்பாவைத் தேடினாள். மூன்றாவது ஜோடி. கூப்பிய கையில் சிப்பி மாலை தொங்கியது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அண்ணியைக் கண்ணால் காட்டி, நான் என்ன செய்யட்டும் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

டீச்சர் வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். துக்கம் இன்னும் முகத்தில் இருந்தது. பாப்பாவிடம் வந்தவள் நின்றாள். மாலையை விரலால் தொட்டாள்.

"அழகா இருக்கே. யாரு குடுத்தா?"

"அப்பா, டீச்சர்."

"எங்கம்மாகிட்டயும் அச்சு அசல் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அவங்க கூடவே அனுப்பிட்டேன்" என்று சொல்லி, டீச்சர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். சந்தேகமே இல்லை அந்தக் குரலில். மண்ணுக்குள் போன பொருளை யார் மேலே தேடுவார்கள்? அண்ணன் மூச்சை விட்டது தெரிந்தது. அண்ணி போட்டோக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. குளியலக்கா வாயை மூடிக்கொண்டால் போதும், பூசை தொடங்கிவிடும், பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள்.

ஆனால் டீச்சர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து, இத்தனை பேர் நடுவில், அவளுடைய ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு அழுதுக்கிட்டிருந்ததால உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. எங்கம்மா விரலை எவ்வளவு பதமா மடக்கி மாலையைச் சுத்தி விட்டீங்க! ராத்திரி தூக்கம் வரலைன்னா அதைத்தான் நினைச்சுக்குவேன். அம்மா கையில மாலை இருக்கு, அம்மா தனியா இல்லைன்னு நினைச்சா தூங்கிடுவேன். இந்தக் கைக்கு நான் என்ன செய்யுறதுன்னே தெரியலைக்கா" என்று குனிந்து அந்தக் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அண்ணி தொட மாட்டேன் என்றபோதெல்லாம் குளியலக்காவுக்குத் தன் கை அழுக்கு என்று தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. உருவிக்கொண்டாள்.

"போகலை டீச்சர்."

"என்னக்கா?"

"மாலை உங்க அம்மா கூடப் போகலை. இதுதான் அது."

"என்ன உளர்றே?" அண்ணன் விரைந்து வந்தார். குரலை மட்டும் தணித்துக்கொண்டார். "டீச்சர், இவளுக்கு நேத்துலருந்து உடம்பு சரியில்லை. அப்படியே ஏதாவது நடந்திருந்தாலும் கையில சுத்துனது இவதான், இவளைத்தான் கேக்கணும். நான் மூடிதான் போடுறவன்."

சுற்றி நின்றவர்கள் குளியலக்காவைப் பார்த்தார்கள். அவர் சொன்னது எவ்வளவு பொருத்தமாக இருந்தது! புருஷன் இல்லாதவள், பிணம் தொடுகிறவள். "அதானே" என்று யாரோ சொல்லவும் செய்தார்கள். டீச்சரின் பார்வையும் மெதுவாக அவள் கைக்கு வந்தது. குளியலக்கா பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை நின்றுகொண்டிருக்கிறதே, பிள்ளையை வைத்துக்கொண்டு அதன் அப்பனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது?

பாப்பாதான் பேசியது. மாலையை உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டது.

"டீச்சர், இது செத்தவங்க கையில இருந்ததா? அப்பா குடுக்கும்போதே இதுல நூல் கட்டியிருந்துச்சு. நான் அதைப் பல்லால கடிச்சிட்டேனே. வாயைச் சுத்தமா வெச்சுக்கணும்னு சொன்னீங்களே. இனிமே நான் நன்மை வாங்கலாமா?"

போட்டோக்காரர் கேமராவை இறக்கிக்கொண்டார்.

டீச்சர் மாலையை வாங்கினாள். வளையத்தில் மிச்சமிருந்த நூலைத் தடவிப் பார்த்தாள். அந்த முடிச்சைப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். பிறகு அண்ணனைப் பார்த்து, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நாங்க வெளிய நின்ன அந்த அஞ்சு நிமிஷத்துல, எங்கம்மா விரலை எப்படி விரிச்சீங்க?"

அண்ணன் ஒரு அடி பின்னால் வைத்தார். கூட்டத்தில் ஒரு பெண் தன் புருஷன் காதில் ஏதோ சொன்னாள். இன்னொருத்தி, "எங்கப்பா மோதிரம்" என்று சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள். அந்தச் சந்தேகம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அத்தனை பேரை மூடினவருக்கு அதுமட்டும் முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவர் சட்டை தங்கள்மேல் பட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கினார்கள். அண்ணியையும் சேர்த்து ஒதுங்கினார்கள்.

கோயில் மணி அடித்தது. டீச்சர் மாலையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "பிள்ளைங்க உள்ள போகணும்" என்றாள். "நீ நன்மை வாங்கலாம்டா கண்ணு. உன்மேல ஒரு தப்பும் இல்லை." ஆனால் பாப்பா நகரவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றது.

குளியலக்கா கோயில் வாசல் குழாயைத் திறந்து ரெண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி வந்தாள்.

"கொப்பளிடா."

"ஏய், அந்தக் கையால..." என்று அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள். அவளுக்கு இப்போதும் அதுதான் கண்ணில் பட்டது. பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அத்தையின் கையில் வாயை வைத்துத் தண்ணீரை உறிஞ்சி, கொப்பளித்து, வெள்ளை ஷூவுக்குப் பக்கத்தில் துப்பியது. இன்னொரு தடவை கேட்டது. மூன்றாம் தடவை விழுங்கிவிட்டது.

"அத்தை, என் கை சும்மா இருக்கு."

அவள் பாக்கெட்டை நீட்டினாள். "நீயே பிரி. நான் தொடலை."

பாப்பா டேப்பைப் பிய்த்து, பெட்டியைத் திறந்து, மர மணி மாலையை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தது. கையைக் கூப்பிக்கொண்டு, "சுத்தி விடுங்க" என்றது.

எத்தனையோ கைகளில் சுற்றிய கைதான். ஆனாலும் எங்கே தொடங்குவது என்று ஒரு கணம் அவளுக்கு மறந்துபோனது. பெருவிரலிலிருந்து ஆரம்பித்தாள். வெந்நீர்த் துவாலை வேண்டியிருக்கவில்லை, எந்த விரலையும் அவள் மடக்க வேண்டியிருக்கவில்லை. இடுப்பில் செருகியிருக்கும் நூலுக்காகப் பழக்கத்தில் ஒரு தரம் தடவியவள், கையை எடுத்துக்கொண்டாள். சுற்றி முடிக்கும் முன்பே அந்தச் சின்ன விரல்கள், ஈரத்தோடும் சூட்டோடும், மாலையோடு சேர்த்து அவள் விரலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.